ஹேடோ அணிக்கு ஒரு சொந்த ஊர்க்காரர்

ஜம்புலிங்கம் சார் பேஸ்பால் மட்டையைத் தொட்டதில்லை. அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததுமில்லை. ஆனால் 1958-லிருந்து போர்ட் பிளேரில் பேஸ்பால் லீக் நடத்தியவர் அவர்தான். நம்பாதவர்கள், அந்தக் காலத்தில் ஹேடோ ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பாதிப் பேர் அந்த லீக்கில் ஆடியிருப்பார்கள். அவர்களும் பேஸ்பாலைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

நான் ரோசலின். ஹேடோ ஜெட்டிக்கு எதிரே இருந்த ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர் எனக்கு எதிர் மேஜையில் எஸ்டாபிளிஷ்மென்ட் கிளார்க். யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம், யார் தன் பிறந்த தேதியை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். லால்குடிப் பக்கம் கீழமங்கலம் என்ற ஊரிலிருந்து 1952-ல் மனைவி மரகதம் அக்காவோடு கப்பல் ஏறி வந்தவர். குழந்தைகள் கிடையாது. ஒல்லி உடம்பு, அரைக்கைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. மாதா கோயில் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நாங்கள் எழுந்து நிற்போம் அல்லவா, 'ரூல்' என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவரும் அப்படித்தான் நாற்காலியில் நிமிர்வார்.

ரிப்பேருக்காக வந்துபோன வெளிநாட்டுக் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு பெட்டி ஜெட்டி ஷெட்டில் தங்கிவிட்டது. ஒரு வருஷம் பார்த்தார்கள், யாரும் கேட்டு வரவில்லை. ஏலத்துக்கு விட்டபோதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெட்டியின் மேல் தொப்பி போட்ட ஆள் ஒருவன் தடியோடு நிற்கும் படம். ஏதோ போலீஸ் சம்பந்தப்பட்ட சமாசாரம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, இவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். உள்ளே அட்டையில் வரைந்த மைதானம், இரண்டு பகடை, பெயர் எழுதாத கார்டுக் கட்டு, நாற்பது பக்க ரூல் புத்தகம். மைதானமும் பகடையும் அவரை ஒன்றும் செய்யவில்லை. ரூல் புத்தகம்தான் ஆளைக் கவிழ்த்தது.

ஆட்டம் இதுதான். நீங்கள் ஆட வேண்டியதில்லை, நீங்கள் மேனேஜர். உங்கள் அணியில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கார்டு. அதில் அடி, ஓட்டம், பிடி என்று எண்கள். உங்கள் முறை வந்தால் ஒருவர் கார்டை வைத்துப் பகடையை உருட்ட வேண்டும். அவர் பந்தை அடித்தாரா, அவுட்டா, நாலு மூலையையும் சுற்றி ஓடிவந்து ரன் எடுத்தாரா என்பதைப் புத்தகத்தில் உள்ள அட்டவணை சொல்லிவிடும். கார்டுகளில் பெயர் இல்லாததால் சார் எங்கள் ஆட்களின் பெயரையே எழுதினார். என் வீட்டுக்காரர் சிலுவைராஜ் ஜெட்டியில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர், அவருக்கு அடி ஐந்து. கான்ட்ராக்டர் சொக்கலிங்கத்துக்கு ஓட்டம் ஒன்றுதான். ஒரு ஷெட்டை நாலு வருஷமாகக் கட்டுகிறவருக்கு அதற்குமேல் எப்படிப் போடுவது என்று சார் கேட்டார். அவருக்காகப் பரிந்து பேச ஒரு ஆளும் வரவில்லை.

அணிகள் மூன்று: ஹேடோ, மரைன் ஹில், சிப்பிகாட். ஹேடோவுக்குச் சார் மேனேஜர். சிப்பிகாட்டுக்கு அங்கே விவசாயப் பண்ணையில் வேலை பார்த்த ராஜமாணிக்கம். அவர் தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பம், தமிழில் பாதி இந்தி. கோப்பை என்று நாங்கள் சொன்னது டீ போடும் ஒரு கப்பல் கெட்டில், மூடி இல்லாதது. அதையும் யாரும் கேட்டு வராததால்தான் கிடைத்தது.

ஒரு அட்டைமேல் பகடை உருட்டும் ஆட்டத்தை எங்கே வைத்து உருட்டினால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். சாருக்குத் தோன்றாது. ஒரு ஆட்டம் சொந்த மைதானத்தில், ஒரு ஆட்டம் எதிரணி மைதானத்தில் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதனால் அட்டை மைதானத்தை ஆயில் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சிப்பிகாட் பஸ்ஸில் போவார். பின்னாலேயே நாங்கள் பத்துப் பேர். அங்கே ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் அதை விரித்து, உருட்டி, தோற்று, அதே பஸ்ஸில் திரும்பி வருவோம். ஒருமுறை பிலிப்பைன்ஸ்காரரான கப்பல் சமையல்காரர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். சின்ன வயதில் நிஜமாகவே பேஸ்பால் ஆடியவராம். அவர் சொன்னதில் மூன்று தப்பு இருப்பதைச் சார் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே கப்பலுக்குப் போனார்.

இனி பத்தொன்பதாம் ரூலுக்கு வருகிறேன். வம்பெல்லாம் அதில்தான். ஒரு ஆட்டக்காரர் தன் சொந்த ஊர் மைதானத்தில் ஆடினால் கூட்டம் அவருக்காகக் கத்தும், அதனால் அவருடைய 'செல்வாக்கு எண்'ணைப் பகடையோடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்த ரூல். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் போடலாம். ஆறு வாங்கிய ஆள் சொந்த மைதானத்தில் நின்றால் கிட்டத்தட்ட அசைக்க முடியாது.

ஒரு மனிதனின் செல்வாக்கை எப்படி அளப்பது? புத்தகத்தில் வழி சொல்லவில்லை. சார் கண்டுபிடித்தார். ஜெட்டி வாசலிலிருந்து பஜார் வளைவு வரை ஆட்டக்காரர் நடக்க வேண்டும். பத்தடி பின்னால் சார் குடையோடு வருவார். வழியில் எத்தனை பேர் தாங்களாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்களோ அதுதான் கணக்கு. ஐந்து பேருக்குள் என்றால் ஒன்று. ஐம்பதுக்கு மேல் போனால் ஆறு. ஆட்டக்காரர் முதலில் வணக்கம் சொன்னால் அது செல்லாது. சொக்கலிங்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார். எதிரே வந்த நாலு பேர் அவரைக் கண்டதும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சார் கழித்தல் போடவில்லை, அந்த மட்டுக்குக் கருணை. சிலுவைராஜ் நாற்பத்திரண்டு வாங்கி வந்து மூன்று நாள் என்னிடம் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த எண் யாருக்குக் கூடும்? சொந்த ஊர்க்காரருக்குத்தானே? ஹேடோவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் ஹேடோக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மரைன் ஹில் ஆட்கள்தான் கேள்வி கேட்டார்கள்: "ஒருத்தன் மணப்பாடு, ஒருத்தன் ராம்நாடு, ஒருத்தன் ராஜமுந்திரி. இதுல ஹேடோக்காரன் எவன்?" நியாயமான கேள்வி. வேறு யாராவது மேனேஜராக இருந்தால் சமாளித்திருப்பார். எங்கள் மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

அந்தச் சமயம்தான் மெயின்லாண்டுக்குக் குடும்பத்தோடு போய்வர அரசாங்கம் சலுகை கொடுத்திருந்தது. அதற்கு ஒவ்வொரு ஊழியரும் தன் சொந்த ஊர் எது என்று ஒரு பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊர் வரைக்கும் கப்பல், ரயில் எல்லாம் அரசாங்கச் செலவு. ரிட்டையர் ஆனாலும் அந்த ஊருக்குத்தான் சாமான் செட்டோடு அனுப்பிவைப்பார்கள். சர்வீஸில் ஒரே ஒருமுறைதான் மாற்றலாம். "சர்வீஸ் புத்தகத்துல எந்த ஊரோ அதுதான் சொந்த ஊர். இதுக்கு மேல அத்தாட்சி எதுங்க?" என்றார் சார். இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். ஹேடோவில் ஒரு ஆள்கூட ஹேடோ என்று எழுதியிருக்கவில்லை. சிப்பிகாட்டில் ராஜமாணிக்கத்தைச் சேர்த்து ஆறு பேருக்கு வேறு ஊரே கிடையாது. ஆறு பேரும் சொந்த ஊர் ஆட்டக்காரர்கள். பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூடக் கெட்டில் ஹேடோவுக்கு வரவில்லை.

1964-ல் என் வீட்டுக்காரருக்கு ஆவேசம் வந்தது. "நான் ஹேடோன்னு மாத்திக் குடுத்திருதேன் சார். நம்ம டீமுக்கு ஒரு ஆளாவது வேணும்லா." பாரம் வாங்கக் கை நீட்டிவிட்டார். நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன்.

"மாத்துங்க. நல்லா மாத்துங்க. அப்புறம் எங்கம்மாவப் பாக்க மணப்பாட்டுக்கு நீந்தியா போவேன்?"

சிலுவைராஜ் கையை இழுத்துக்கொண்டார். சார்தான் கொஞ்ச நேரம் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேஜை டிராயரில் வைத்தார்.

மரகதம் அக்காவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. லீக்கில் யாருமே அவரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். டீ வரும், வடை வரும், காலி டம்ளர் போகும். ஆனால் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆணி இருந்தது. குவார்ட்டர்ஸில் எந்தக் குடும்பம் மெயின்லாண்ட் போனாலும் கப்பலுக்குக் காத்திருந்து போய்வர இரண்டு மூன்று மாதம் ஆகும். போகும்போது வீட்டுச் சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். சாவியோடு கோழிகள், கறிவேப்பிலைக் கன்று, ஒரு தடவை வங்காளி வீட்டு வாத்துகள், இன்னொரு தடவை தெலுங்கு டிரைவர் வீட்டுக் கிழவி. எல்லாம் அக்கா பார்த்துக்கொள்வார். பதினெட்டு வருஷத்தில் அவர்கள் ஊருக்குப் போனது இரண்டே முறை. மற்றவர்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள், அக்கா இருந்துகொண்டே இருந்தார்.

1970 மார்ச்சில் சாருக்கு ரிட்டையர்மென்ட். அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு இங்கயே இருந்தாலும் சரிதான். மரகதத்துக்காகத்தான் கீழமங்கலம் போறேன். பாவம், சொந்த மண்ண விட்டுட்டு வந்து எவ்வளவு வருஷம் ஆச்சு." ஏப்ரல் கப்பலுக்கு இடம் சொல்லியாயிற்று. சாமான்களைப் பெட்டிகளில் அடைத்து ஆணி அடித்தாயிற்று. அந்த வாரம் அக்கா வீடு வீடாகப் போய் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தார். எங்களுடைய உபரிச் சாவியையும் கொண்டுவந்தார். "இந்தா ரோசலின், வேற யார்ட்டயாவது குடுத்து வச்சுக்க" என்று என் கையில் வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். எப்போதும் வாசற்படியில் பத்து நிமிஷமாவது உட்காருகிறவர். எனக்கு அன்று மனசு கேட்கவில்லை. இருந்தாலும் ஊருக்குப் போகிற பெண் சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். சார் இத்தனை வருஷமாகச் செய்த தப்பை நான் அரை நிமிஷத்தில் செய்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் இறுதி ஆட்டம். ஹேடோவுக்கும் சிப்பிகாட்டுக்கும், ஹேடோ மைதானத்தில், அதாவது சார் வீட்டு வராந்தாவில். சாருக்குக் கடைசி லீக் என்பதால் கூட்டம் படி வரைக்கும் நின்றது. கடைசிச் சுற்று. சிப்பிகாட் ஒரு ரன் முன்னால். எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் ஆட மிச்சம். ஒருவர் மூலையில் ஓடத் தயாராக நிற்கிறார். கடைசி ஆள் நாலு மூலையையும் சுற்றி வந்துவிட்டால் இரண்டு ரன், கெட்டில் ஹேடோவுக்கு. அதற்குப் பகடை ஒன்பதுக்குக் குறையாமல் விழ வேண்டும். விழாவிட்டால் அவுட். பட்டியலில் இருந்தவர் சொக்கலிங்கம். கூட்டம் ஒரேயடியாகப் பெருமூச்சு விட்டது.

மாற்று ஆட்டக்காரர் ஒருவரை இறக்கலாம் என்று ரூல் உண்டு. யாரை இறக்குவது என்று சார் கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சிலுவைராஜ் சொன்னார்: "அக்காவ எறக்குங்க சார். ஊருக்குப் போற நேரம், ஒரு தடவ ஆடிட்டுத்தான் போட்டுமே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தார், அவரும் சிரித்தார். சார் மட்டும் சிரிக்கவில்லை. பொம்பளை ஆடக்கூடாது என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று நாற்பது பக்கத்தையும் தேடினார். இல்லை. ஒரு வெற்றுக் கார்டை எடுத்து 'மரகதம்' என்று எழுதினார். அடி மூன்று, ஓட்டம் நாலு. செல்வாக்கு என்ற இடத்தில் பேனா நின்றது.

"நடக்கணுமே," என்றார்.

"சலோ, நடக்கட்டும்," என்றார் ராஜமாணிக்கம். அவருக்கு என்ன கவலை, ஜெயிக்கப்போகிறவர்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். ஜெட்டி வாசலிலிருந்து புறப்பட்டார்கள். அக்கா முன்னால், பத்தடி பின்னால் சார் குடையோடு. சார் முன்னால் நடக்க அக்கா பின்னால் வருவதைத்தான் ஹேடோ பதினெட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறது. நாங்கள் பின்னாலேயே போனோம்.

"அக்கா, எங்க இந்த வெயில்ல?" என்றது டீக்கடை. "மரகதம் தீதி!" என்று வங்காளிப் பெண் மாடியிலிருந்து கூப்பிட்டாள், வாத்துக்காரி. "மரகதம்மா, பாகுன்னாரா?" என்று தெலுங்கு டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டார். "மரகதம் சேச்சி போகல்லே" என்று ஒரு மலையாளி நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஞ்சிக் கூலிக்காரர்கள் வரிசையாக எழுந்து நின்றார்கள். கொய்யா விற்கும் கிழவர் இரண்டு காயை முந்தானையில் போட்டார். அக்கா யாருக்கும் முதலில் வணக்கம் சொல்லவில்லை, அதற்கு நேரமே கிடைக்கவில்லை. சார் முதலில் விரலை மடித்து எண்ணினார். பிறகு உதட்டை அசைத்து எண்ணினார். பஜார் வளைவு வருவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா நடந்துகொண்டிருந்தார். குடையை விரிக்கக்கூட மறந்துபோயிருந்தார்.

திரும்பி வந்து கார்டில் ஆறு என்று எழுதினார். கூட்டம் கத்தியது. பகடையை எடுக்கச் சிலுவைராஜ் கை நீட்டினார்.

"இருங்க," என்றார் சார். முகம் வாடியிருந்தது. "இதக் கூட்ட முடியாது. ஊழியர் குடும்பத்துக்குச் சொந்த ஊர் ஊழியரோட ஊர்தான். கீழமங்கலம்."

ராஜமாணிக்கத்துக்கே பொறுக்கவில்லை. "அரே ஜம்பு பாபு, கூட்டிக்கோங்க. நான் அப்ஜெக்‌ஷன் பண்ணல."

"நீ பண்ணலேன்னா? ரூல் பண்ணுதே."

அப்போது அக்கா டம்ளர் தட்டைக் கீழே வைத்தார். "கீழமங்கலம்னு யாருங்க எழுதுனது?"

"நான்தான். அம்பத்தேழுல."

"என்னக் கேட்டீங்களா?"

சார் ரூல் புத்தகத்தைக் கையில் எடுத்தார், திறக்காமலே வைத்துவிட்டார்.

"கீழமங்கலத்துல நான் யாருங்க?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "உங்கம்மாவுக்கு மூத்த மருமக. உங்க தம்பிக்கு அண்ணி. ஊருக்கு ஜம்புலிங்கம் வீட்ல. ரெண்டு தடவ போனோம். திரும்பி வர்ற வரைக்கும் ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, என்ன மரகதம்னு கூப்பிட்டாங்களா? இப்பப் பின்னாலயே எண்ணிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"உனக்காகத்தான் மரகதம் நான் ஊருக்கு..."

"நான் எப்பங்க கேட்டேன்?"

சார் பகடைகளை எடுத்துப் பெட்டியில் போட்டார். மைதானத்தை மடித்தார். எழுந்து நின்று, "ஆட்டம் அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு ஒத்திவைக்கப்படுது," என்று அறிவித்துவிட்டு உள்ளே போனார். மழைக்காக மட்டுமே ஆட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று புத்தகத்தில் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே சார் டிராயரைத் திறந்து அந்தப் பழைய பாரத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். "டைப் பண்ணும்மா. சொந்த ஊர் மாற்றம்." நான் மெஷினில் பேப்பரைச் சொருகினேன். புதிய சொந்த ஊர்: ஹேடோ. அங்கே சொத்து உண்டா? இல்லை. நெருங்கிய உறவினர் உண்டா? இல்லை. மூன்றாவது கேள்வி: அரசு வேலை இல்லாவிட்டாலும் நீங்கள் இந்த ஊரில்தான் வசிப்பீர்களா?

சார் அந்தக் கேள்வியைக் குனிந்து இன்னொரு முறை படித்தார். "இரு, வரேன்," என்று குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் நேரத்தில் வெளியே போனார். பதினெட்டு வருஷத்தில் அப்படிப் போனதில்லை. கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"கேட்டுட்டேன். ஆமான்னு போடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டைப்பிஸ்ட் அழுதால் பாரம் வீணாகும் என்பதால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து போட்டேன்.

அதிகாரி சாரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் புத்தி சொன்னார். பத்து நாளில் குடும்பத்தோடும் சாமான்களோடும் லால்குடி வரை அரசாங்கச் செலவில் போகிற மனிதர், இதில் கையெழுத்துப் போட்டால் எங்கேயும் போக முடியாது. குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். "நல்லா யோசிச்சீங்களா?" "யோசிக்கல சார். கேட்டேன்," என்றார் இவர். வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. அதைச் சர்வீஸ் புத்தகத்தில் எழுத வேண்டியவர் எஸ்டாபிளிஷ்மென்ட் கிளார்க். தன் புத்தகத்தைத் தானே திறந்து, தன் கையாலேயே கீழமங்கலத்தை அடித்து ஹேடோ என்று எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவந்தார். மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் காலியாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வராந்தா கொள்ளாமல் ஆட்கள் சாலையில் நின்றார்கள். சார் உத்தரவின் நகலை ராஜமாணிக்கத்திடம் காட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டு, "பக்கா," என்றார். அக்காவின் கார்டை வைத்தார்கள். இப்போது ஆறைக் கூட்டலாம். பகடையில் மூன்று விழுந்தால் போதும். எது விழுந்தாலும் ஜெயம், இரண்டு பகடையிலும் ஒன்று விழுவதைத் தவிர. சிலுவைராஜ் கெட்டிலைத் துடைத்து அக்கா பக்கத்தில் நகர்த்தியே வைத்துவிட்டார்.

அக்காவே உருட்டட்டும் என்று கூட்டம் கத்தியது. அக்கா உருட்டினார்.

ஒன்று. இன்னொன்று சுற்றிச் சுற்றி, அட்டையின் விளிம்பு வரை போய், யோசித்து, ஒன்று.

எட்டு. அவுட். கெட்டில் சிப்பிகாட்டுக்கு.

முதலில் சிரித்தது அக்காதான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ராஜமாணிக்கத்துக்குக் கெட்டிலை எடுக்கக் கூச்சமாக இருந்தது. கேலியாவது செய்து நிலைமையைச் சரிக்கட்டலாம் என்று, "க்யா ஜம்பு பாபு, இப்ப ஊரத் திருப்பி மாத்திருவீங்களா?" என்றார்.

"முடியாது," என்றார் சார், நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து. "சர்வீஸ்ல ஒரு தடவதான்." அவ்வளவு சந்தோஷமாக ஒரு ரூலை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் பஜார் வளைவுக்கு மேலே தகரக்கூரை போட்ட இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோனார்கள். ஆணி அடித்த பெட்டிகளைக் கூலிக்காரர்கள் கப்பலுக்குப் பதில் மேட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஒருவரும் கூலி வாங்கவில்லை. லீக் அதன் பிறகும் நடந்தது. ஹேடோ அதன் பிறகும் ஜெயிக்கவில்லை. சாரும் அக்காவுமாக இரண்டே சொந்த ஊர் ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் ஜெயிப்பது?

குடிபோன அன்று நானும் சிலுவைராஜும் பால் வாங்கிக்கொண்டு போனோம். அடுப்பு இன்னும் மூட்டவில்லை, பாய் விரிக்கவில்லை. சார் ஸ்டூல்மேல் ஏறிக் கதவுக்குப் பின்னால் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் மேலங்க, பெரிய ஆணியா போடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்த வருஷம் மெயின்லாண்ட் போகிற உத்தேசமே இல்லை. இருந்தும் நான் மடியிலிருந்து எங்கள் வீட்டு உபரிச் சாவியை எடுத்து, அவர் இறங்கியதும் அந்த ஆணியில் மாட்டினேன்.